தையல்நாயகியின் தலையும் கரை ஏலமும்

மரக்காணத்துக்குத் தெற்கே, உப்பளங்களைத் தாண்டினால் வரும் குப்பத்தில், தையல்நாயகி ஏலம் விட வந்ததற்கு அவளுடைய குரல்தான் காரணம் என்று சொல்வார்கள். சுத்தப் பொய். அவள் கைபட்ட மீனை வாங்க மாட்டோம் என்று குப்பமே முகத்தைத் திருப்பிக்கொண்டதுதான் காரணம். தாங்கள் செய்த அநியாயம் எப்படியோ நல்லபடியாக முடிந்துவிட்டால், அதற்கு வேறொரு பெயர் வைத்துவிடுவதில் நம் ஜனங்களை அடித்துக்கொள்ள ஆளில்லை.

1993-ல் முருகையனைக் கட்டிக்கொண்டு வந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. கூடை தூக்கும் பெண்களில் அவளும் ஒருத்தி. காலையில் கரையில் மீன் எடுத்து, திண்டிவனம் பஸ்ஸில் கூடையை ஏற்றி, நாற்றமடிக்கிறது என்று முகம் சுளிக்கும் கண்டக்டரிடம் தினம் ஒரு சண்டை போட்டு, மார்க்கெட் வாசலில் உட்கார்ந்து விற்றுவிட்டுத் திரும்புவாள். முருகையன் நல்ல உழைப்பாளி. கரையில் மீன் குறைந்த மாதங்களில் குஜராத் பக்கம் விசைப்படகு வேலைக்குப் போய்விடுவான். வரும்போது புடவை கொண்டுவருவான், டேப் ரெக்கார்டர் கொண்டுவருவான். ஒரு தடவை நோயையும் கொண்டுவந்தான். அது என்னவென்று அவனுக்குத் தெரிந்திருந்தும் அவளிடம் சொல்லவில்லை. உடம்பு வற்றி, வாயெல்லாம் புண்ணாகி 1998-ல் செத்துப்போனான். எச்.ஐ.வி. என்று அதன் பிறகுதான் டாக்டர் சொன்னார். அவளுக்கும் ரத்தம் எடுத்தார்கள், இருந்தது. குழந்தை கலைப்பிரியாவுக்கு எடுத்தார்கள், இல்லை. அந்த ஒரு ‘இல்லை’க்காக மயிலம் மலையேறி மொட்டை போட்டுக்கொண்டு வந்தாள்.

அவள் மலையிறங்கி வீடு வருவதற்குள் சங்கதி குப்பத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. மீன் அரிகிற கையில் வெட்டுக்காயம் இல்லாமல் இருக்குமா, அதன் வழியாக ஒட்டிக்கொள்ளாதா என்று பேச்சு. திண்டிவனம் மார்க்கெட் வரைக்கும் அந்தப் பேச்சு பஸ் ஏறிப் போனது. கொண்டுபோன மீனை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாள். கருவாடாகப் போட்டு விற்றால் மட்டும் வாங்கினார்கள். காய்ந்த மீனுக்கு நோய் கிடையாது போலிருக்கிறது!

அந்தச் சமயம் கரையில் ஏலம் விட்டுக்கொண்டிருந்த அம்மாள், தன் மகன் வீட்டோடு எண்ணூர் போய்விட, யாரை வைப்பது என்று ஆண்கள் கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பேசி முடிப்பதற்குள், ஒரு பனை மட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு மீன் கூறுகளுக்கு நடுவில் போய் நின்று கூவ ஆரம்பித்துவிட்டாள் தையல்நாயகி.

“ஏய், நீ இன்னா பண்ற?” என்று ஓடிவந்தார்கள்.

“மீனைத் தொட மாட்டேன். மட்டையாலதான் காட்டுவேன். வாயாலதான் கூவுவேன். பேச்சுல ஒட்டிக்கினு வருமா இந்த நோவு? அப்டி வந்துதுன்னா உங்க எல்லாருக்கும் எப்பவோ வந்திருக்கணும். என்னைப் பத்தி அவ்ளோ பேசிக்கினு இருக்கீங்க!”

அன்றைக்குப் பிடித்த மட்டையை அவள் அப்புறம் கீழே வைக்கவே இல்லை.

அந்தக் குப்பத்து ஏலம் மற்ற இடங்களைப் போலக் கிடையாது. படகிலிருந்து இறக்கிய மீனைக் கூறு கூறாக மணலில் கொட்டுவார்கள். ஏலக்காரி விலையை ஏற்றிக்கொண்டே போவாள். சுற்றி நிற்கும் பெண்களில் ஒருத்தியாவது வாயைத் திறக்க வேண்டுமே! ஒருத்தி கண்ணைச் சிமிட்டுவாள், ஒருத்தி முந்தானையை இழுத்து விடுவாள், ஒருத்தி காது மடலைத் தொடுவாள். எந்தக் கூறு யாருக்கு முடிந்தது என்பதை உரக்கச் சொல்வது ஆகாது. சொன்னால் கண் பட்டுவிடும், அந்த மீன் விலை போகாது என்பது அவர்கள் நம்பிக்கை. எல்லாக் கூறும் முடிந்த பிறகு ஏலக்காரி மட்டையை நீட்டி, இது உன்னுது, இது உன்னுது என்று காட்டுவாள். அதுவரைக்கும் அத்தனையும் அவள் ஒருத்தி தலைக்குள்தான் இருக்க வேண்டும். வருஷக்கணக்கில் இருந்தது. ஒரு நாளும் பிசகியதில்லை. கையை வேண்டாமென்று ஒதுக்கியவர்கள் அவள் தலையை நம்பினார்கள். அந்த நம்பிக்கை ஒன்றுதான் அவளுக்கு அந்தக் குப்பத்தில் இருந்த இடம், சோறு, மரியாதை எல்லாம்.

சுனாமி வந்து வீட்டைக் கொண்டுபோனது. புது வீடு வந்தது. இலவச மாத்திரை வந்தது. முதலில் தாம்பரம் போய் வாங்கினாள், பிறகு விழுப்புரத்திலேயே கொடுத்தார்கள். உடம்பு தேறியது. கன்னம் உப்பி, முடி அடர்ந்து, கல்யாணமான புதிதில் இருந்ததைவிட நன்றாக இருந்தாள். வைரஸ் ரத்தத்தில் தேடினாலும் கிடைக்காத அளவுக்கு அடங்கிவிட்டது என்று விழுப்புரத்தில் சொன்னபோது, அந்த நோயை ஜெயித்தாயிற்று என்றே நினைத்தாள்.

2009-ல் அது வேறு வாசலைத் திறந்துகொண்டு வந்தது. அடுப்பில் வைத்த உலை மறந்தது. எதிர்வீட்டுக்காரி பெயர் மறந்தது. ஒரு நாள் மாத்திரை வாங்க விழுப்புரம் போகிறவள், கூட்டேரிப்பட்டில் நாலு பேர் இறங்குகிறார்கள் என்று தானும் இறங்கிவிட்டாள். பஸ் போய்விட்டது. எங்கே போகப் புறப்பட்டோம் என்பது சுத்தமாகத் தெரியவில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, போகிற வருகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் இருந்த காலி மாத்திரை டப்பா கையில் தட்டுப்பட்ட பிறகுதான் நினைவு வந்தது. அப்போது வந்த பயம் மாதிரி ஒரு பயம் சுனாமியின்போதுகூட அவளுக்கு வரவில்லை.

பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த கலைப்பிரியா அழுதாள். “வூட்லயே இரும்மா. ஏலம் கீலம் ஒண்ணும் வாணாம். கருவாடு போட்டுப் பொழைச்சிக்கலாம்.”

“வூட்ல இருந்தா மட்டும் ஞாபகம் வந்துடுமா? போய்ப் படிடி.”

பிறகு அது கரையிலேயே நடந்தது. ஒரு சங்கரா மீன் கூறு. அதைக் கூடைக்காரிகளில் ஒருத்தியான அம்மணி கண்ணைச் சிமிட்டி எடுத்திருந்தாள். எல்லாம் முடிந்து காட்டும்போது தையல்நாயகியின் மட்டை இன்னொருத்தியான முனியம்மாளைக் காட்டியது. அம்மணி பாய்ந்து வந்து கூறின் மேல் கையை வைக்க, முனியம்மாள் அவள் கொண்டையைப் பிடிக்க, மணலில் இரண்டு பேரும் உருண்டார்கள். மீன் மிதிபட்டுக் கூழாகியது. அத்தனை பேரும் தையல்நாயகியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். யாருக்கு முடித்தோம் என்பது அவளுக்கு அப்போதும் தெரியவில்லை.

குப்பம் ஆளுக்கொரு காரணம் சொன்னது. சுனாமியில் பயந்ததன் பலன் இது என்றது. புருஷன் ஆவி என்றது. திருவக்கரை வக்கிரகாளியம்மனுக்கு விளக்குப் போடச் சொன்னது. போட்டாள். திண்டிவனத்தில் ஒரு டாக்டர், கவலைதான் காரணம், தூங்கினால் சரியாகிவிடும் என்று மாத்திரை கொடுத்தார். தூங்கினாள். தூங்கி எழுந்தும் மறந்தது.

“எனக்கு முப்பத்தஞ்சு வயசுதான் ஆவுது. கவலை எனக்கு இன்னிக்கா புதுசா வந்துது? புருஷன் செத்தப்ப வராத மறதி இப்ப இன்னாத்துக்கு வருது? சொல்லுங்க சார்” என்று கேட்டாள். அவர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

அவள் விடுகிற ஆளா? விழுப்புரத்தில் மாத்திரை கொடுக்கும் இடத்தில் போய் அதே கேள்வியை அதே குரலில் கேட்டாள். ஏலக்குரல், வராந்தா முழுக்கக் கேட்டது. அதைக் கேட்டுத்தான் ஷாலினி வெளியே வந்தாள். இந்த நோய் உள்ளவர்களின் ஞாபகசக்தியைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வந்திருந்த பெண். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, பெரிய கண்ணாடி.

“அம்மா, என்கூட வாங்க. உங்க கேள்வி நல்ல கேள்வி. உட்கார்ந்து பேசலாம்.”

ஷாலினி சில வார்த்தைகளைச் சொல்லி, கொஞ்ச நேரம் வேறு பேச்சுப் பேசி, மறுபடி அந்த வார்த்தைகளைக் கேட்டாள். பனிக்கட்டி, விமானம், ரயில் இன்ஜின் என்று ஏதேதோ வார்த்தைகள். தையல்நாயகிக்குப் பாதிகூட வரவில்லை. கோபம் வந்தது.

“எனக்கும் விமானத்துக்கும் இன்னா பாப்பா சம்பந்தம்? மீன் பேரா சொல்லு, சொல்றேன்.”

ஷாலினி சிரித்துக்கொண்டே மீன் பெயராகச் சொன்னாள். வஞ்சிரம், காரப்பொடி, நெத்திலி, கெளுத்தி, வாளை, கொடுவா என்று பிறந்ததிலிருந்து தையல்நாயகி வாயில் புழங்கிய பெயர்கள். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டபோது நாலைந்து வந்தது. மீதி வரவில்லை. அந்தப் பெண் மறைக்காமல் முகத்தைப் பார்த்தே சொன்னாள்: “குறைஞ்சிருக்கும்மா. உங்க பயம் கற்பனை இல்லை.” தையல்நாயகி எழுந்து வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். குப்பத்துக்குத் தெரியாமல் அழ வேண்டும் என்று நினைத்து வைத்திருந்த அழுகை எல்லாம் அங்கே தீர்ந்தது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

“ரத்தத்துல இல்லன்னாங்களே. அப்புறம் எப்டி?”

ஷாலினி அவசரப்படாமல் சொன்னாள். மாத்திரை வைரஸைப் பெருக விடாமல் தடுக்கிறது. ஆனால் ஏற்கனவே சில உயிரணுக்களுக்குள் புகுந்துகொண்ட வைரஸ் அங்கேயே ஒளிந்திருக்கிறது. வெளியே வந்து பெருக முடியாவிட்டாலும், உள்ளே இருந்தபடியே ஒரு புரதத்தைச் செய்து வெளியே கசிய விடுகிறது. டாட் என்று அதற்குப் பெயர். அந்தப் புரதம் மூளையைக் காவல் காக்கும் அணுக்களைச் சீண்டுகிறது. சீண்டினால் அவை எதிரி வந்துவிட்டான் என்று கொதித்து எழும். எதிரி கையில் அகப்படாததால் அந்தக் கொதிப்பு அடங்குவதில்லை. அந்த அழற்சியில் ஞாபகத்தைச் சேர்த்து வைக்கிற இடம் பாழாகலாம் என்று நினைக்கிறார்கள்.

தையல்நாயகி கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள். “அதாவது, வூட்டுக்குள்ள போட்டுப் பூட்டியாச்சு. ஆனா அந்தப் பாவி கதவு இடுக்கால காறித் துப்பிக்கினே கெடக்கறான். தெருவுல இருக்கிற நாயெல்லாம் கொலைச்சிக்கினே இருக்குது. அதானே?”

“அதேதாம்மா!” என்று ஷாலினி மேஜையைத் தட்டினாள். பிறகு குரல் இறங்கியது. “ஆனா ஒண்ணு சொல்லணும். நம்ம நாட்டுல பரவுற வகையில அந்தப் புரதம் கொஞ்சம் வேற மாதிரி இருக்கு. அது காவல் அணுக்களை அந்த அளவுக்குக் கூப்பிடுறதில்லைன்னு சோதனைக்கூடத்துல பார்த்திருக்காங்க. அதனால இங்க மறதி அவ்வளவா வராதுன்னு நிறைய பேர் நம்புறாங்க. வருதுன்னும் சிலர் சொல்றாங்க. உங்களுக்கு வந்தது இதனாலதான்னு நான் சத்தியம் பண்ண முடியாது. யாருக்கும் முழுசா தெரியாது.”

“நம்மூரு வைரஸ் மட்டும் நல்ல புள்ளையா?” என்று தையல்நாயகி சிரித்தாள். அழுது முடித்த முகத்தில் அந்தச் சிரிப்பு எப்படி வந்ததோ! “இதுக்கு மாத்திரை?”

“இப்போதைக்கு இல்லம்மா. இந்த மாத்திரையை விடாம சாப்பிடுங்க. மறதியோட வாழ வேற வழிகளைப் பழகிக்கலாம். உங்க தலை மட்டுமே எல்லாத்தையும் தூக்கணும்னு இல்லை.”

தெரியாது என்று வாய்திறந்து சொன்ன முதல் படித்த ஆள் அவள்தான். தையல்நாயகிக்கு அது பிடித்திருந்தது. தெரியாது என்று சொல்லியும் அந்தப் பெண்ணின் நாற்காலி பறிபோகவில்லையே என்று பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டாள்.

ஊரில் அவளுக்காகப் பஞ்சாயத்து காத்திருந்தது. வல்லரசு கூட்டியிருந்தான். நாட்டாமைக் குடும்பம், இரண்டு படகுக்குச் சொந்தக்காரன். அவனுடைய கொழுந்தியாளுக்கு ஏலத்தின் மேல் ரொம்ப நாளாகக் கண். அம்மன் கோயிலுக்கு எதிரில் ஆண்கள் உட்கார்ந்திருக்க, பெண்கள் வேலிக்கு அப்பால் நின்றார்கள். அங்கே பெண் பேசக் கூடாது. புருஷன் இல்லாதவளுக்காக அவள் வீட்டு ஆண்பிள்ளை பேச வேண்டும். முருகையனின் தம்பி பாண்டுரங்கன் எழுந்தான்.

“அண்ணிக்கு ஒடம்பு முடியல. அந்த நோவு மண்டைக்கு ஏறிடிச்சி. ஏலத்த வுட்டுடுறேன்னு சொல்லிட்டாங்க.”

“நான் எப்ப சொன்னேன்?”

தையல்நாயகி வேலிக்கு இந்தப் பக்கம் நடந்து வந்து நின்றிருந்தாள். ஆண்கள் பக்கம் ஒரே சலசலப்பு. பாண்டுரங்கன் பல்லைக் கடித்தான். “அண்ணி, மானத்த வாங்காதீங்க. போங்க.”

“தம்பி, நீங்க உக்காருங்க. என் தலையில இன்னா இருக்குதுன்னு உங்களுக்கு இன்னா தெரியும்? ஆமா, மறக்குது. மூளைக்குள்ள புண்ணு மாதிரி ஆயிருக்குதாம். மருந்து இல்லியாம். சரியாவும்னு யாரும் சொல்லல. நான் எதையும் மறைக்கல. ஆனா ஏலத்த வுட மாட்டேன்.”

வல்லரசு மீசையைத் தடவினான். “மறதிக்காரி எப்டிம்மா ஏலம் வுடுவ? நீ பேஜார் பண்றியா, இல்ல எங்கள பைத்தியம்னு நெனச்சிக்கினியா? சரி, பொம்பளயாச்சேன்னு ஒரு நாள் தர்றேன். நாளைக்கு வுட்டுக் காட்டு. ஒரு கூறு தப்புனாலும் மட்டையை என் கொழுந்தியா கையில குடுத்துட்டுப் போய்க்கினே இருக்கணும்.”

பஞ்சாயத்தில் பேசிய குற்றத்துக்குச் சபையில் விழுந்து கும்பிடச் சொன்னார்கள். “நான் தப்பா ஒண்ணும் பேசல” என்று சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

மறுநாள் கரையில் கூட்டம் தேர்த் திருவிழா மாதிரி. மீன் வாங்க வந்தவர்களைவிட வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அதிகம். கூறுகள் விழுந்தன. தையல்நாயகி மட்டையைத் தூக்கினாள்.

“எல்லாரும் கேட்டுக்கோங்க. இன்னியிலேர்ந்து கண்ணடிக்கிறது, காதத் தடவுறது ஒண்ணும் செல்லாது. வாயத் தொறந்து கேக்கணும். முடிஞ்சதும் யாருக்குன்னு நான் சத்தமா சொல்லுவேன். நீங்களும் சேந்து சொல்லணும்.”

பெண்களிடம் பெரிய கூச்சல் எழுந்தது. “கண்ணு பட்டுடும்டி!” என்றாள் ஒருத்தி. “காலங்காலமா இருக்கிற வழக்கம்” என்றாள் இன்னொருத்தி. அம்மணி முன்னால் வந்தாள். “பேரச் சொல்லி எம் மீனு விக்காம போச்சின்னா நீ வந்து விப்பியா?”

“கண்ணு படும், கண்ணு படும்னு ஒளிச்சி ஒளிச்சி இன்னாடி கண்டோம்? எம் புருஷன் ஒளிச்சான், நோவு வந்துது. அதுவும் உள்ளுக்குள்ள ஒளிஞ்சிக்கினுதான் என் தலையத் தின்னுது. இனிமே எங்கிட்ட ஒளிச்சி வெக்கிற சோலியே கெடையாது. வேணும்னா கேளு, வேணாம்னா போ.”

வஞ்சிரக் கூறைக் கூவினாள். பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். நல்ல மீன், விடவும் மனசில்லை. கடைசியில் அம்மணிதான் முணுமுணுத்தபடி கேட்டாள். ஒரு ஏற்றம், இரண்டு ஏற்றம், முடிந்தது. “அம்மணிக்கு!” என்று தையல்நாயகி கூவினாள். கூடச் சொல்ல ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. அம்மணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அடுத்த கூறு, அதற்கடுத்த கூறு எல்லாவற்றுக்கும் அவள் குரல் மட்டுமே தனியாகக் கேட்டது. வல்லரசு படகில் சாய்ந்துகொண்டு பார்த்தான். வெயில் சுள்ளென்று ஏறிய நேரம் பார்த்து எழுந்து வந்தான்.

“நிறுத்து தையலு. அந்த வஞ்சிரம் யாருக்கு முடிச்ச? சொல்லு பாப்போம்.”

தையல்நாயகி கூறைப் பார்த்தாள். பெண்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கூவியது நினைவிருந்தது. பெயர் வரவில்லை. தலைக்குள் தேடத் தேட, அங்கே இருந்த ஒன்றிரண்டும் நகர்ந்துபோவது போலிருந்தது. அம்மணியின் வாய் துடித்தது. நாட்டாமை எதிரில் பேசப் பயம். வல்லரசின் கொழுந்தியாள் கையை நீட்டிக்கொண்டு முன்னால் வந்தாள்.

குத்துமதிப்பாக ஒரு பெயரைச் சொல்லிவிடலாம். தப்பித்தாலும் தப்பிக்கலாம். இத்தனை வருஷமாக ஏலக்காரி வாயில் வரக் கூடாத வார்த்தை ஒன்று உண்டு. தையல்நாயகி அதை ஏலக்குரலிலேயே, கடைசிப் படகு வரைக்கும் கேட்கும்படி சொன்னாள்.

“எனக்குத் தெரியாது!”

வல்லரசு சிரித்தான். “வெக்கமா இல்ல?”

“இன்னாத்துக்கு வெக்கம்? நான் மறந்துட்டேன். இவங்க மறக்கலியே. காதால கேட்டவங்க இத்தினி பேர் நிக்கிறாங்க. எங்கிட்ட இன்னா கேள்வி? அவங்களக் கேளு.”

அம்மணியின் கொண்டையைப் பிடித்து மணலில் உருண்ட முனியம்மாள் கூட்டத்தில் முதல் வரிசையில் நின்றிருந்தாள். அம்மணிக்கும் அவளுக்கும் அன்றைய சண்டைக்குப் பிறகு பேச்சு இல்லை. தையல்நாயகி மேலும் அவளுக்குப் பிரியம் என்று ஒன்றும் கிடையாது. ஆனால் மட்டை வல்லரசு வீட்டுக்குப் போனால் நல்ல கூறெல்லாம் கண் சிமிட்டலிலேயே எங்கே போகும் என்பது அவளுக்குத் தெரியும். இடுப்பில் கையை வைத்தாள்.

“வஞ்சிரம் அம்மணிக்கு! இன்னா இப்ப?”

வல்லரசு திரும்பினான். “உன்ன யாரு கேட்டது?”

“அம்மணிக்கு!” என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. “அம்மணிக்குத்தான்” என்று இன்னும் இரண்டு பேர். அம்மணி முந்தானையை முகத்திலிருந்து இறக்கினாள். “எனக்குத்தான்! எனக்குத்தான்யா!” என்று கத்தினாள். கண் படுமே என்ற கவலையெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. வல்லரசு விடாமல் நெத்திலியைக் காட்டினான். அவன் கை முழுசாக நீளுவதற்குள் கரையே சேர்ந்து பெயரைச் சொன்னது. கெளுத்தியைக் காட்டினான், அதற்கும் சொன்னது. அடுத்ததற்கு அவன் காட்டவே இல்லை, அவர்களாகவே சொன்னார்கள். கொழுந்தியாள் நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் புடவையைச் சரிசெய்துகொண்டாள்.

தையல்நாயகி மட்டையைச் சுழற்றினாள்.

“கேட்டுக்கினியா? அப்ப தள்ளி நில்லு வல்லரசு, ஜல்தி. வெயில்ல மீன் கெடுது.”